காது மெஷின் கொடுத்தால் போதுமா?

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து கடை போர்டுகளைப் படித்துக்கொண்டே போவது என் பழக்கம். கண் ஆஸ்பத்திரி, பல் ஆஸ்பத்திரி, முட்டி மாற்று ஆபரேஷன், சர்க்கரைக்கு ஒரு கிளினிக். இவற்றுக்கு நடுவே சில வருஷங்களாகப் பெருகியிருப்பவை காது மெஷின் கடைகள். 'இலவசச் செவித்திறன் பரிசோதனை', 'இன்று மட்டும் பாதி விலை', 'மாதத் தவணை உண்டு' என்று விதவிதமான அழைப்புகள். இன்னொரு பக்கம் கல்யாண மண்டபங்களில் முகாம் போட்டு, மாலை மரியாதையோடு, போட்டோ எடுத்து, வரிசையில் நிற்கும் முதியவர்களுக்குக் காது மெஷினை இலவசமாகக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி கெட்டது என்று நான் சொல்லவில்லை. நானே இரண்டு காதிலும் போட்டிருக்கிறேன். ஆனால் கருவியை மட்டும் கொடுப்பது வைத்தியம் ஆகாது. காதை முறையாகச் சோதித்து, கருவியை அந்தக் காதுக்கு என்று பொருத்தி, பல முறை கூப்பிட்டுச் சரிசெய்து, பழக்கிவிடுகிற ஆள் வேண்டும். அவருக்கு ஆடியாலஜிஸ்ட் என்று பெயர். தமிழில் கேட்பியல் நிபுணர் என்கிறார்கள். அந்த ஆள் இல்லாமல் மெஷினை மட்டும் விற்பதும் தவறு, தானம் செய்வதும் தவறு. அரசாங்கமும் தர்மவான்களும் குடும்பத்தாரும் சேர்ந்து நம்மைப் போன்ற கிழவர்களுக்குச் செய்கிற அநியாயம் இது.

நான் தொலைபேசித் துறையில் 36 வருஷம் வேலை பார்த்தவன். டாக்டர் இல்லை. ஆனாலும் சத்தத்தை ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குக் கெடாமல் கொண்டுபோவதே எங்கள் பிழைப்பு. பழைய டெலிபோனில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். பேச்சுப் புரிய அது போதும். ஆனால் அதற்கு மேலே உள்ள சன்னமான ஒலிகள் வெட்டுப்படுவதால்தான் 'எஃப்'புக்கும் 'எஸ்'ஸுக்கும் வித்தியாசம் தெரியாமல் 'எஃப் ஃபார் ஃபாதர், எஸ் ஃபார் சுகர்' என்று சொல்ல வேண்டியிருந்தது. வயதான காது என்பது கிட்டத்தட்ட அந்தப் பழைய டெலிபோன் லைன் மாதிரிதான். சில காதுகள் அதைவிட மோசம்.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதனுள்ளே சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு சுருதிக்கு அசையும். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஜார்ஜ் வான் பெக்கெஸி என்ற ஹங்கேரிக்காரர். அவரும் எங்கள் ஜாதிதான், அதாவது டெலிபோன்காரர். புடாபெஸ்டில் தபால் துறையின் தொலைபேசி ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். நல்ல டெலிபோன் செய்ய வேண்டுமானால் காது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமே என்று ஆரம்பித்து, இறந்தவர்களின் உள்காதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சத்தம் அதில் அலையாக ஓடுவதைக் கண்டார். 1961-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லும் காது கேளாத குழந்தைகளுக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் தாயாருக்கும் மனைவிக்கும் காது கேட்காது. இன்று சத்தத்தை அளக்கும் டெசிபல் என்ற சொல்லிலேயே அவர் பெயர் இருக்கிறது.

அந்த மயிரிழைச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. வயதாகும்போது முதலில் போவது கீச்சுச் சுருதியைக் கேட்கும் பகுதி. இதன் விளைவை நம் தமிழ் இலக்கணச் சொற்களிலேயே சொல்லலாம். உயிரெழுத்துகள் கனமான, தாழ்ந்த சுருதி ஒலிகள். மெய்யெழுத்துகள், அதிலும் வல்லினம், நொடிக்குள் வந்து போகிற மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகள். வயதான காதில் உயிர் விழும், மெய் விழாது. தட்டு, கட்டு, பட்டு எல்லாம் ஒரே மாதிரி கேட்கும். சமையல்கட்டிலிருந்து "தட்டை எடுத்து வைங்க" என்று குரல் வந்தால், "பட்டு எடுக்கணுமா, எந்த விசேஷத்துக்கு?" என்று கேட்கிற கணவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அதனால்தான் இந்த வயதில் பலரும் சொல்வது: "சத்தம் கேக்குது சார், என்ன பேசுறாங்கன்னுதான் புரியலை." இதை மற்றவர்கள் நம்புவதில்லை. "அவருக்கு வேண்டியது மட்டும் நல்லா கேக்கும்" என்று கேலி செய்வார்கள். இன்னொன்றும் எல்லா வீட்டிலும் நடப்பது. தாத்தா "சத்தமா சொல்லு" என்பார். பேரன் சத்தமாகச் சொன்னால் "ஏன்டா கத்துற?" என்று கோபித்துக்கொள்வார். இது குணக்கேடு இல்லை. பழுதடைந்த உள்காதில் மெல்லிய சத்தம் விழாது, ஆனால் பெரிய சத்தம் சட்டென்று வலிக்கிற அளவுக்கு ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் குறுகிப் போகிறது. அந்தக் குறுகிய இடத்துக்குள் பேச்சைக் கொண்டுவந்து உட்கார வைப்பதுதான் ஆடியாலஜிஸ்டின் வேலை.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு காதிலும் எந்தச் சுருதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்காமல், எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பெரிதாக்குகிற ஒரு பெட்டியைக் காதில் சொருகினால் என்ன ஆகும்? கேட்கிற உயிரெழுத்து இன்னும் இடிக்கும். கேட்காத மெய்யெழுத்து அப்படியே இருக்கும். பாத்திரம் விழுகிற சத்தம், மிக்ஸி, ஆட்டோ ஹாரன் எல்லாம் மண்டைக்குள் இறங்கும். மூன்றாம் நாள் அதைக் கழற்றி டிராயரில் வைத்துவிடுவார்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். முகாமில் கொடுத்த மெஷின் அப்படித்தான் அவர் டிராயரில், மூக்குப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. முகாமில் அவரிடம் "கேக்குதா அய்யா?" என்று கேட்டார்கள். "கேக்குது" என்றார். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். பிறகு மகன் வற்புறுத்தி ஒரு கடைக்குக் கூட்டிப்போனார், துணைக்கு நானும் போனேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, பஸ் ஹாரன் உள்ளே கேட்கிறது. அந்த அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, பத்து நிமிஷத்தில் பரிசோதனை முடிந்துவிட்டது. டெலிபோன் லைனைச் சோதிக்கும்போதுகூட நாங்கள் அதைவிட அமைதியான இடத்தில் உட்காருவோம். காதுக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்கவில்லை. சோதித்த தம்பி உடனே மூன்று விலையில் மூன்று மெஷினை மேஜையில் வைத்தார். "தம்பி, நீங்க ஆடியாலஜி படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். "இல்லை சார், கம்பெனியில டிரெயினிங் குடுத்தாங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் சம்பளத்துக்கு விற்பனை செய்கிறவர். ஆனால் காது என்ன செருப்பா, போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ள?

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1992-ஆம் வருஷத்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் இருக்கிறது. அதன்படி ஆடியாலஜிஸ்டும் பேச்சுப் பயிற்சியாளரும் அந்தக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! இரண்டு காது மெஷினுக்குச் சில மாதம் பேட்டரி வாங்குகிற காசு. அந்த அபராதத்துக்குப் பயந்து யார் கடையை மூடப்போகிறார்கள்? வேடிக்கை என்னவென்றால், காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது. வரியை எடுத்துவிட்டார்கள், நல்லது. விற்கிறவர் யார் என்று பார்க்கிற கண்ணையும் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் பெரிய டாக்டர் ஏது?" என்று யாரும் சொல்ல வேண்டாம். காது விஷயத்தில் சென்னைக்கு உலகத்தரம் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் காது-மூக்கு-தொண்டைப் பேராசிரியராக இருந்த எஸ். காமேஸ்வரன் ஒரு தலைமுறை டாக்டர்களை உருவாக்கியவர். அவர் மகன் மோகன் காமேஸ்வரன் ராஜா அண்ணாமலைபுரத்தில் மெட்ராஸ் ஈ.என்.டி. ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்துகிறார், 2006-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். உள்காதுக்குள் மின்முனைகளைச் செலுத்தி நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையில் நாட்டிலேயே முன்னணியில் இருப்பவர். செவி நரம்பே இல்லாத குழந்தைக்கு மூளைத்தண்டில் கருவி வைக்கும் சிகிச்சையையும் செய்திருக்கிறார்.

அதோடு தமிழக அரசு ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறது. 6 வயதுக்கு உட்பட்ட, பிறவியிலேயே காது கேளாத ஏழைக் குழந்தைகளுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்கிறார்கள். பல லட்ச ரூபாய் ஆகிற சிகிச்சை அது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் பேசுகிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். எந்தக் கட்சி ஆட்சியானாலும் இதற்கு ஒரு கும்பிடு போடலாம்.

அந்தத் திட்டத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆபரேஷனோடு விட்டுவிடுவதில்லை. பிறகு மாதக்கணக்கில் கேட்கப் பழக்குகிறார்கள், பேசப் பழக்குகிறார்கள். அம்மாவும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். ஏனென்றால் கருவி சத்தத்தைத்தான் கொடுக்கும், மூளைதான் அதைச் சொல்லாக்க வேண்டும், அதற்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர்களுக்குத் தெரியும், அரசாங்கத்துக்கும் தெரியும். குழந்தைக்குத் தெரிந்த இந்த நியாயம் தாத்தா பாட்டிக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போனது? ஐந்தாறு வருஷமாகச் சரியாகக் கேட்காமல் கிடந்த மூளைக்குத் திடீரென்று மெல்லிய ஒலிகளைக் கொடுத்தால் அதற்கும் பழக வாரக்கணக்கில் ஆகும். தானாக வந்துவிடாது.

கண்ணை எடுத்துக்கொள்வோம். பார்வையிழப்புத் தடுப்புக்கு மத்திய அரசு தேசியத் திட்டம் கொண்டுவந்தது 1976-இல். அதே வருஷம் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1978-இல் சென்னையில் டாக்டர் பத்ரிநாத் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். இறக்குமதி லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று அரவிந்த் தரப்பில் 1992-இல் ஆரோலேப் ஆரம்பித்து, லென்ஸை இங்கேயே செய்து விலையைத் தரையில் இறக்கினார்கள். இன்று கிராமத்துப் பாட்டியும் "புரை ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்" என்று கூச்சமில்லாமல் சொல்கிறார். காதுக்குத் தேசியத் திட்டம் எப்போது வந்தது? 2006-07-இல், அதுவும் சில மாவட்டங்களில் முன்னோட்டமாக. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே 30 வருஷம். ஒரு தலைமுறை.

கண் முகாமில் யாராவது எல்லோருக்கும் ஒரே பவர் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினால் நாம் சும்மா இருப்போமா? முதலில் கண்ணைச் சோதிக்கச் சொல்வோம் இல்லையா? காதுக்கு மட்டும் அதையே தர்மம் என்று கைதட்டுகிறோம்.

சட்டத்தின் கணக்கும் விசித்திரம். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சுச் சுருதிகளில் 60 டெசிபல் குறைந்தால்தான் 'கேள்விக்குறைவு', 70 ஆனால் 'கேளாமை'. உலகச் சுகாதார நிறுவனமோ, நல்ல காதில் 35 டெசிபலுக்கு மேல் குறைந்தாலே வாழ்க்கையைப் பாதிக்கும் குறைபாடு என்கிறது. ஐம்பது டெசிபல் இழந்த ஒருவர், மனைவி பக்கத்து அறையிலிருந்து பேசுவது புரியாதவர், பேங்க் கவுன்டரில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருகிறவர், நம் சட்டத்தின் பார்வையில் நல்ல காது உள்ளவர்! 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இப்படிப்பட்ட குறைபாடு இருப்பதாக அதே உலக நிறுவனம் கணக்குச் சொல்கிறது. நம் பென்ஷனர் சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து புன்னகை செய்துகொண்டே இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

"வயசாச்சு, இனிமே கேட்டு என்ன ஆகணும்?" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பதில். மறதி நோயைத் தள்ளிப்போடக் கூடிய காரணங்கள் என்று 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் பெரியவற்றுள் ஒன்று கேள்விக்குறைவு. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரை மூன்று வருஷம் கவனித்த ஆய்வு 2023-இல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் மறதி வருவதற்கான ஆபத்து அதிகம் இருந்தவர்களிடம், அறிவுத்திறன் குறைகிற வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டது. அந்த ஆய்விலும் மெஷினைக் கையில் கொடுத்து அனுப்பவில்லை. ஆடியாலஜிஸ்ட் பல முறை உட்கார வைத்துப் பொருத்திப் பழக்கினார்.

ஆய்வு இருக்கட்டும். கேட்காதவர் முதலில் கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்துகிறார். பிறகு போனை எடுப்பதை, பிறகு கோயில் கதாகாலட்சேபத்தை. கடைசியில் வீட்டுக்குள்ளேயே யாரோடும் பேசாமல் டிவியை அலற விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் "அப்பா ரொம்ப அமைதியாயிட்டார்" என்கிறார்கள். அது அமைதி இல்லை, உயிரோடு ஒதுக்கி வைப்பது.

இன்னொரு வாதம் வரும். "அமெரிக்காவிலேயே 2022 அக்டோபரிலிருந்து டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் காது மெஷின் விற்கலாம் என்று விட்டுவிட்டார்களே, நீர் என்ன ஆடியாலஜிஸ்ட் ஆடியாலஜிஸ்ட் என்கிறீர்?" என்று. உண்மைதான். ஆனால் அந்த அனுமதி 18 வயதுக்கு மேற்பட்ட, லேசான அல்லது நடுத்தரக் குறைவு உள்ளவர்களுக்கு மட்டும். உங்களுடையது லேசானதா, நடுத்தரமா, கடுமையா என்று யார் சொல்வது? காதில் குறும்பி அடைத்திருந்தால் மெஷினே வேண்டாம், சுத்தம் செய்தாலே போதும். செவிப்பறையில் ஓட்டை விழுந்து சீழ் வடிந்தால் அது ஈ.என்.டி. டாக்டரின் வேலை. நடுக்காது எலும்பு இறுகிப் போனால் ஆபரேஷனில் சரியாகலாம். ஒரு காது மட்டும் ராத்திரி நன்றாக இருந்து காலையில் திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம். அன்றைக்கே டாக்டரைப் பார்த்தால் மருந்தில் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. வாரக்கணக்கில் தள்ளினால் அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். இதை எல்லாம் மெஷின் விற்கிற கடையில் யார் கண்டுபிடிப்பார்கள்?

நம் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிக் கடமையே உண்டு என்பேன். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் சானடோரியத்தால்தான் தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்று பெயர். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின், கனமைசின் போன்ற ஊசிகள் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றின. அதே ஊசிகள் உள்காதைக் கெடுக்கும் என்பதும் மருத்துவ உலகத்துக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். சிலருக்குத் தள்ளாட்டம், சிலருக்கு நிரந்தரக் கேளாமை. உயிரா காதா என்றால் உயிர்தான், அதில் தகராறு இல்லை. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக்கூட மாத்திரையே போதும், கனமைசின் ஊசி வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது 2018-இல்தான். அதற்கு முன்னால் ஊசி போட்டுப் பிழைத்து, காதை இழந்தவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். வைத்தியத்தால் போன காதுக்கு வைத்தியம்தானே பொறுப்பு?

குரலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் ஊர்க் கல்லூரிகளில் ஆடியாலஜியும் பேச்சு-மொழி நோயியலும் சேர்ந்தே ஒரே பட்டப்படிப்பு. காதைப் பார்க்கிறவருக்கே குரலையும் பேச்சையும் பார்க்கத் தெரியும். குரல் வைத்தியத்தின் ஆரம்பமே ஒரு பாட்டு வாத்தியாரிடமிருந்துதான். மானுவல் கார்சியா என்பவர் 1854-இல் பல் டாக்டர் கண்ணாடியையும் இன்னொரு கண்ணாடியையும் வைத்துச் சூரிய வெளிச்சத்தில் தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். இன்று ஈ.என்.டி. டாக்டர் சில நிமிஷத்தில் குழாய் விட்டுப் பார்த்துவிடுகிறார். ஆனாலும் நம் ஆட்கள் குரல் கம்மினால் மிளகு, அதிமதுரம், சித்தரத்தை என்று மாதக்கணக்கில் மென்றுகொண்டிருக்கிறார்கள். சளியில் கம்மிய குரல் இரண்டு வாரத்தில் தெளிய வேண்டும். மூன்று வாரம் தாண்டியும் தெளியவில்லை என்றால், அதிலும் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவராக இருந்தால், குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும். குரல்வளைப் புற்றுநோயை ஆரம்பத்தில் பிடித்தால் உயிரும் மிஞ்சும், குரலும் மிஞ்சும். பக்கவாதம் வந்து பேச்சுக் குழறிப் போனவர்களுக்கும், தண்ணீர் குடித்தால் புரையேறுகிறவர்களுக்கும் பயிற்சி கொடுப்பவரும் இதே படிப்புப் படித்தவர்தான். கை காலுக்குப் பிசியோதெரபிஸ்ட்டைத் தேடி ஓடுகிறோம், நாக்குக்கும் தொண்டைக்கும் ஒருவர் இருக்கிறார் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது.

இந்தப் படிப்பு எங்கே இருக்கிறது? எட்டாத தூரத்தில் இல்லை. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965-இலிருந்து நடக்கிறது. அதை விடுங்கள், போரூர் ராமச்சந்திராவில் சொல்லித்தருகிறார்கள். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.மில் சொல்லித்தருகிறார்கள். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு தேசிய நிறுவனம் 2005-இலிருந்து இருக்கிறது, அங்கேயும் காதும் பேச்சும் பார்க்கிறார்கள். தாம்பரத்தைச் சுற்றி மூன்று பக்கமும் படித்தவர்கள் இருக்க, நடுவில் இருக்கிற நமக்கு மட்டும் மண்டபத்தில் டோக்கனும் மெஷினும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அரசு வட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஒரு நிரந்தர ஆடியாலஜிஸ்ட், சத்தம் புகாத ஓர் அறை. ஒரே ஆளை நியமித்தால் காதும் பார்ப்பார், பேச்சும் பார்ப்பார். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்களே, அந்தப் பையில் காது பார்க்கும் விளக்கு ஒன்றும் சேரட்டும். முகாம் நடத்தும் தர்மவான்களுக்கு ஒரு வேண்டுகோள்: நூறு மெஷின் கொடுக்க நினைத்தால் ஐம்பது கொடுங்கள், மீதிப் பணத்தில் ஒரு ஆடியாலஜிஸ்டை வைத்து அந்த ஐம்பது பேரையும் மூன்று முறை திரும்பக் கூப்பிடுங்கள். போட்டோவில் கூட்டம் குறையும். டிராயரில் மெஷின் குறையும்.

படிக்கிற உங்களுக்கும் கொஞ்சம். முதலில் ஈ.என்.டி. டாக்டர், பிறகு ஆடியாலஜிஸ்ட், அதற்குப் பிறகுதான் கடை. பரிசோதித்த ஆடியோகிராம் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் சொத்து. "உங்கள் ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். வாங்கிய பிறகு எத்தனை முறை இலவசமாகச் சரிசெய்து கொடுப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். போட்ட முதல் வாரம் உங்கள் குரலே உங்களுக்கு அந்நியமாகக் கேட்கும். கழற்றி வைக்காமல், திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கிற பிள்ளைகள், மருமகள்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. பின்னாலிருந்து கத்தாதீர்கள். முன்னால் வந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள். "ஒண்ணுமில்லை விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்காதவரை மிகவும் புண்படுத்துகிற வார்த்தை அதுதான். மூக்குக்கண்ணாடி போட்டால் படித்தவர், காது மெஷின் போட்டால் கிழவர் என்கிற நினைப்பையும், சினிமாவில் செவிட்டுத் தாத்தாவை வைத்துச் சிரிக்கிற பழக்கத்தையும் விட வேண்டிய காலம் வந்துவிட்டது.

அடுத்த மாதம் பென்ஷனர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு கோரிக்கை மனுவாகக் கொண்டுவரப் போகிறேன். பஞ்சப்படி கேட்டு எத்தனை மனு போட்டிருக்கிறோம், காதுக்காக ஒரு மனு போடுவோம். சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், குரோம்பேட்டைப் பக்கத்து நண்பர்கள் யாராக இருந்தாலும் வந்து கையெழுத்துப் போடலாம். கேட்காதவர்கள் முன் வரிசையில் உட்காருங்கள். அன்றைக்கு நானே மைக் இல்லாமல், முகம் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் படிக்கிறேன்.